பொறியியல் பிரிவைத் தேர்ந்தெடுப்பதில் எங்கே சறுக்குகிறோம்?

பிளஸ் டூ முடிவு வந்ததும் வீட்டுக்கு வீடு கேட்கும் கேள்வி: "இப்போது எந்தப் பிரிவுக்கு வேலை கிடைக்கிறது?" முதல் தவறு இந்த 'இப்போது'தான். 2021இல் ஐடி நிறுவனங்கள் புதியவர்களை அள்ளி அள்ளி எடுத்தன. அதைப் பார்த்துக் கணினி அறிவியலில் சேர்ந்தவர்கள் 2025இல் பட்டம் வாங்கியபோது அந்த வேகம் இல்லை. அதற்காகக் கணினி வேண்டாம் என்று ஓடவும் தேவையில்லை. நான்காண்டு கழித்துச் சந்தை எப்படி இருக்கும் என்று உறுதியாகச் சொல்பவர் உறவினரானாலும் யூடியூபரானாலும், அவர் சொல்வது ஊகம்தான்.

அடுத்தது பெயர் மயக்கம். செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல், சைபர் பாதுகாப்பு என்று புதுப் பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பாடத்திட்டத்தைத் திறந்து பார்த்தால், தரவுக் கட்டமைப்பு, தரவுத்தளம், இயங்குதளம் என்று அடிப்படைப் பாடங்களில் பெரும்பகுதி கணினி அறிவியலில் இருப்பவையே. எனவே யார் பாடம் நடத்துகிறார்கள் என்று கேளுங்கள். 2024-25 முதல் தகுதியுள்ள கல்லூரிகளுக்கு மாணவர் சேர்க்கை இடங்களின் உச்சவரம்பை, தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ நீக்கிவிட்டது. இடங்களைக் கூட்டும் வேகத்தில் ஆசிரியர்கள் வந்து சேர்ந்துவிடுவதில்லை. ஒரு பேட்ச் மாணவர்கள்கூடப் படித்து வெளியேறாத பிரிவுக்கு 'நூறு சதவீத வேலைவாய்ப்பு' என்று பலகை வைத்திருந்தால் சிரித்துவிட்டு நகரலாம்.

அரசு வேலைதான் கனவு என்றால் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். டிஎன்பிஎஸ்சி உதவிப் பொறியாளர் அறிவிக்கைகளில் எந்தப் பதவிக்கு எந்தப் பட்டம் என்று தனித்தனியாகப் போட்டிருக்கும். நெடுஞ்சாலை, பொதுப்பணித் துறைகளின் கட்டுமானப் பதவிகளுக்கு சிவில். மின் பொறியாளர் பதவிகளுக்கு எலக்ட்ரிக்கல். பெயர் சற்று மாறினாலும், உங்கள் பட்டம் இதற்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று தேட வேண்டிவரும். பொறியியல் மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்வின் மதிப்பெண் வழியாக ஆள் எடுக்கும் பொதுத்துறை நிறுவனங்களும் பெரும்பாலும் மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், சிவில், எலக்ட்ரானிக்ஸ் போன்ற பழைய பிரிவுகளையே கேட்கின்றன. சேரும் முன்பே பழைய அறிவிக்கை ஒன்றைத் தரவிறக்கித் தகுதிப் பகுதியைப் படித்துவிடுங்கள். அரை மணி நேர வேலை.

ஐடி பக்கம் நிலைமை தலைகீழ். கூட்டமாக ஆள் எடுக்கும் பெரிய நிறுவனங்கள் பல, எந்தப் பிரிவு மாணவரையும் தேர்வு எழுத விடுகின்றன. அவை வழக்கமாகக் கேட்பது பத்தாம் வகுப்பு தொடங்கி 60 சதவீதம், நிலுவை அரியர் இல்லாமை. பிடிக்காத பிரிவில் சேர்ந்து அரியர் வைப்பவருக்குப் பிரிவின் பெயர் கைகொடுக்காது.

வேலைவாய்ப்புக் கணக்கிலும் ஏமாறுகிறோம். ஒருவருக்குக் கிடைத்த உச்சச் சம்பளம் விளம்பரத்தில் வரும். மற்றவர்கள் வாங்கியது வராது. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்குக் கல்லூரிகள் தரும் தகவல் பொதுவில் கிடைக்கிறது. அதில் முதலாண்டில் சேர்ந்தவர்கள், உரிய காலத்தில் பட்டம் பெற்றவர்கள், வேலை பெற்றவர்கள், இடைநிலைச் சம்பளம் (பாதிப் பேர் இதற்கு மேலும் பாதிப் பேர் இதற்குக் கீழும் வாங்கும் தொகை) எல்லாம் இருக்கும். முதல் எண்ணுக்கும் இரண்டாம் எண்ணுக்கும் இடையே பெரிய பள்ளம் தெரிந்தால் சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன் அங்கேயே நின்று யோசியுங்கள். கல்லூரியே கொடுத்த கணக்கு, பிரிவுவாரியாகவும் இராது. ஆனாலும் விளம்பரப் பலகையைவிட மேல்.

கடைசியாக, கலந்தாய்வு விருப்பப் பட்டியல். 'கிடைக்காது' என்று நினைத்து ஆசைப்பட்ட பிரிவைக் கீழே தள்ளி, பாதுகாப்பான இடத்தை மேலே போடுகிறார்கள். தரவரிசைப்படி உங்கள் முறை வரும்போது, பட்டியலில் மேலிருந்து பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைத்தான் கணினி ஒதுக்குகிறது. எட்டாத இடத்தை முதலில் போட்டால் அடுத்தது பறிபோகாது. பாதுகாப்பானதை முதலில் போட்டால் ஆசைப்பட்டது நிச்சயம் போய்விடும். எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பதால், மனதுக்குப் பிடித்த வரிசையில் நீளமாகவே கொடுங்கள்.