தாயகம் செல்வோர் கவனத்திற்கு: நுளம்பு, உண்ணி, மணல் ஈ பரப்பும் நோய்கள்

எண்பதுகளில் புலம்பெயர்ந்தவர்களுக்குத் தாயகத்துக் காய்ச்சல் என்றதும் நினைவுக்கு வருவது மலேரியா. பொழுது சாய்ந்ததும் நுளம்பு வலைக்குள் போய்விட்டால் போதும் என்ற எண்ணமும் அந்தக் காலத்தது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்துவிட்டது. எனவே இலங்கைக்கு மட்டும் செல்பவர்களுக்குப் பொதுவாக மலேரியா மாத்திரை தேவைப்படுவதில்லை. போகும் வழியில் இந்தியாவில் தங்குபவர்கள் மட்டும் இதைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்று அஞ்ச வேண்டியது டெங்கு. 2017ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் 186,000இற்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானதாகப் பதிவாகியது. வடக்குக் கிழக்கில் மாரி மழையை ஒட்டி, நம்மவர்கள் விடுமுறையில் திரளாகச் செல்லும் மார்கழி, தை மாதங்களில்தான் இது பெருகும். இதைப் பரப்பும், கால்களில் வெள்ளை வரிகள் கொண்ட நுளம்பு பகலில், அதிலும் காலையிலும் பொழுது சாய்வதற்கு முன்னரும் கடிப்பதால், இரவு வலை மட்டும் காப்பாற்றாது. டீட் அல்லது பிகாரிடின் என்ற நுளம்பு விரட்டி கலந்த பூச்சைக் காலையிலேயே பூசிக்கொள்ள வேண்டும். வெயில் காப்புப் பூச்சும் பூசுவதானால் அதை முதலில் பூச வேண்டும்.

"சின்ன வயதில் எல்லாம் வந்து போனதுதான், எங்களுக்கு ஒன்றும் செய்யாது" என்று சொல்பவர்களே கூடுதல் கவனமாக இருக்க வேண்டியவர்கள். டெங்கு வைரசில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகை ஒருமுறை தொற்றியவருக்கு இன்னொரு வகை தொற்றும்போதுதான் நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். முன்னர் டெங்கு வந்தவர்கள், மூன்று மாத இடைவெளியில் இருமுறை போடப்படும் தடுப்பூசி தமக்குப் பொருந்துமா என்பதைப் பயணத்துக்கு நெடுநாள் முன்னரே மருத்துவரிடம் கேட்பது நல்லது.

காய்ச்சல் கண்டால் பரசிற்றமோல் மட்டுமே எடுக்க வேண்டும். கைப்பையில் கொண்டுபோகும் ஐபுபுரோபனும் அஸ்பிரினும் டெங்கு இருந்தால் குருதிக் கசிவைக் கூட்டக்கூடியவை. காய்ச்சல் நீடித்தால் மூன்றாம் நாளுக்குள் குருதிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பலர் ஏமாறுவது காய்ச்சல் தணியும் நாளில். ஆபத்தான கட்டம் அப்போதுதான் தொடங்குகிறது. வயிற்றுவலி, ஓயாத வாந்தி, பல் முரசில் குருதி, அளவுமீறிய சோர்வு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

ஊரில் பூட்டிய வீடு வைத்திருப்பவர்கள் முதல் நாளிலேயே கூரைப் பீலி, கழிவறைத் தொட்டி, கூரைமேல் தாங்கி, பூச்சாடித் தட்டு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும் முட்டைகள் காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து அடுத்த மழையில் பொரிக்கும் என்பதால், உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி, இப்படி நுளம்பு பெருகவிடும் வீட்டுக்காரர்மீது வழக்குத் தொடரலாம். உரிமையாளர் கனடாவில் இருக்கிறார் என்பதைக் கேட்டு நுளம்பு பெருகாமல் இருப்பதில்லை.

பற்றைக் காட்டிலும் வயலோரத்திலும் நடப்பவர்களுக்கு உண்ணிக்காய்ச்சல் வரலாம். இதைப் பரப்புவது கண்ணுக்கு எளிதில் தெரியாத மிகச் சிறிய உண்ணியின் குஞ்சு. அது கடித்த இடத்தில், பெரும்பாலும் அக்குள், அரை போன்ற மறைவான பகுதிகளில், சிகரெட்டால் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு உண்டாகும். அதை மருத்துவரிடம் காட்டினால் நோயை விரைவில் இனங்கண்டு, டொக்சிசைக்கிளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்துக் குணப்படுத்திவிடுவார்.

வீட்டு நாயின் உடலில் வாழும் ஒருவகை நூற்புழுவும் நுளம்பு வழியாக மனிதருக்கு வரும். கண்ணைச் சுற்றியோ தோலின் கீழோ சிறு கட்டியாகத் தென்படும் இதைச் சிறு சத்திரசிகிச்சையால் அகற்றலாம். உறவினர் வீட்டு மாடுகளின் உடலெங்கும் கட்டிகள் கிளம்பியிருந்தால் அது தோல் கழலை நோயாக இருக்கலாம். கடிக்கும் ஈக்களும் நுளம்புகளும் உண்ணிகளும் பரப்பும் இந்நோய் மனிதருக்குத் தொற்றாது. ஆனால் மாட்டை உடனே கால்நடை வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

மணல் ஈ பரப்பும் லீஷ்மானியாசிஸ், கடித்துப் பல வாரங்கள், ஏன் மாதங்கள் கழித்தும், நோவில்லாத, ஆறாத புண்ணாக வெளிப்படும். திரும்பி வந்த நாட்டின் மருத்துவருக்கு இது பழக்கமில்லாத நோயாக இருக்கக்கூடும் என்பதால், எந்த மாவட்டத்தில் எப்போது தங்கினீர்கள் என்பதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். திரும்பி இரண்டு வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தாலும் அவ்வாறே சொல்ல வேண்டும். குருதிக்கொடை செய்பவர்கள், பயணத்துக்குப் பின் எத்தனை வாரம் பொறுக்க வேண்டும் என்பதைக் குருதி வங்கியில் கேட்டுக்கொள்ளவும்.