அமுக்குவான் வந்தா அனங்காம கெடங்க: முழிப்போட கனவுக்குள்ள போறது எப்படி

அருமனை பக்கம் எங்களுக்கு ரப்பர், கொஞ்சம் தள்ளிப் போனா வெள்ளறடை, கேரளா ஆயிரும். பால் வெட்டுக்கு இருட்டோட போனாத்தான் பால் நல்லா ஒழுகும், வெயில் ஏறினா சீக்கிரம் நின்னு போவும், அதனால தலையில லைட்ட கட்டிட்டு மூணு மணிக்கே எறங்கிருவோம். மழையோ, இலை உதிர்ற சீசனோ வந்தா வெட்டு கெடையாது, ஆனா உடம்பு அதே மூணு மணிக்கு முழிச்சிரும், திரும்ப கெடந்து ஒறங்குவேன். அந்த ரெண்டாவது ஒறக்கத்துலதான் எனக்கு முதல்ல அமுக்குவான் வந்தது.

கண்ணு தெறந்திருக்கு, ஓடும் உத்திரமும் தெரியுது, கை கால் அனங்கல, நெஞ்சுல யாரோ ஏறி இருக்காங்க, சத்தம் போட்டா தொண்டையில காத்துகூட வரல. பாட்டி அமுக்குவான்னு சொன்னா, வெள்ளறடையில கட்டிக் குடுத்த சித்தி பாலை மரத்து யட்சின்னு சொன்னா, தலையணைக்கு அடியில இரும்பு வச்சாங்க, வச்ச ராத்திரியும் வந்தது. அவங்கள கொறை சொல்ல முடியாது, அந்த நேரம் ரூமுல ஒரு ஆள் நிக்கது அவ்வளவு உண்மையா தெரியும், அனுபவிச்சவங்களுக்குத்தான் அது புரியும்.

நடக்கது இதுதான். கனவு நல்லா வர்ற ஒறக்கத்துக்கு ரெம்னு பேரு, அப்ப மூளை கை கால் தசைய எல்லாம் கட்டிப் போட்டுரும், இல்லன்னா கனவுல ஓடுறவன் கட்டில்லேர்ந்தும் எழும்பி ஓடுவான். அந்தக் கட்டு அவுறதுக்கு முன்ன நமக்கு முழிப்பு வந்துட்டா ஸ்லீப் பராலிசிஸ். மூச்சுக்கு உதவுற நெஞ்சுத் தசையும் தளந்து கெடக்கும், நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல உள்ள உதரவிதானம்ங்கிற மூச்சுத் தசை மட்டும் வேலை செய்யும், அதனால ஆழமா மூச்சு இழுக்கப் பாத்தா வராது, அதத்தான் நெஞ்சுல ஆள் இருக்கான்னு நெனைக்கோம். மூச்சு நிக்காது, இத மனசுல எழுதி வச்சுக்கிடுங்க.

அதனால முதல்ல வெளிய வர்ற வழிய படிங்க, கனவுக்கு உள்ள போறத பொறவு பாக்கலாம். கையக் காலப் பிடிச்சு இழுக்காதீங்க, போராடப் போராட பயம் ஏறும், பயம் ஏற ஏற அந்த ஆள் பெருசாவான். கண்ண மட்டும் அந்தக் கட்டு பிடிக்காது, அதனால கருமணிய இடதும் வலதுமா உருட்டுங்க, மூச்ச பலமா இழுக்கப் பாக்காம மெதுவா வெளிய விடுங்க, காலு பெருவிரல் ஒண்ண மட்டும் ஆட்டப் பாருங்க. பெரும்பாலும் கொஞ்ச நேரத்துல, அதிகம் போனா சில நிமிஷத்துல, தானா விட்டுரும். மல்லாக்க படுத்தா அடிக்கடி வரும், ஒறக்கம் கொறைஞ்சாலும் வரும், வேண்டாம்னு நெனைக்கவங்க சரிஞ்சு படுங்க, நேரத்துக்கு ஒறங்குங்க, அதுவே பல பேருக்கு மருந்து.

இனி முழிப்பு போகாம கனவுக்கு உள்ள போறது. ராத்திரி படுத்த உடனே முயற்சி பண்ணாதீங்க, அப்ப ஆழ்ந்த ஒறக்கம்தான் கூடுதல், ரெம் விடியக்காலத்துலதான் நீளமா வரும். அஞ்சு மணி நேரமாவது ஒறங்குங்க, எழும்புங்க, ஒண்ணுக்கு போயிட்டு வந்து இருபது முப்பது நிமிஷம் முழிச்சு இருங்க, போனப் பாக்க வேண்டாம், திரும்ப படுங்க. உடம்ப காலுலேர்ந்து தலைவரைக்கும் தளத்துங்க, பொறவு அனங்க வேண்டாம். மூக்குல அரிக்கும், எச்சி முழுங்கத் தோணும், பெரண்டு படுக்கத் தோணும், விட்டுருங்க (எச்சி மட்டும் முழுங்கிக்கிடுங்க, அதுக்குப் போராடினா ஒறக்கமே போயிரும்).

மனசுக்கு ஒரு சின்ன வேலை வேணும். நான் மரம் எண்ணுவேன், ஒண்ணு, நான் கனவுல இருக்கேன், ரெண்டு, நான் கனவுல இருக்கேன், இப்படி. எண்ணிக்கை தப்பும், தப்பட்டும், திரும்ப ஒண்ணுலேர்ந்து. கண்ணுக்குள்ள பொட்டு பொட்டா வெளிச்சம், பொறவு யாருக்கோ முகம், தெரியாத ரோடு, யாரோ பேரச் சொல்லி விளிக்க சத்தம், உடம்பு முழுக்க கரண்ட் ஓடுற மாதிரி ஒரு விறுவிறுப்பு. இங்கதான் எல்லாரும் பயந்து எழும்பிருவாங்க. எழும்பாதீங்க. படத்த உத்துப் பாக்காம, திண்ணையில இருந்து மழையப் பாக்க மாதிரி சும்மா பாருங்க, ஒரு கட்டத்துல படம் எடமா மாறும், நீங்க அதுக்குள்ள நிப்பீங்க.

நின்ன உடனே ரெண்டு கையையும் உரசுங்க, கனவு கலையாம இருக்கும். மூக்கப் பொத்தி மூச்சு விட்டுப் பாருங்க, பொத்தியும் மூச்சு வந்தா கனவுதான். சந்தோஷத்துல குதிச்சா முழிப்பு வந்துரும், பைய நடங்க. இது சும்மா கதை இல்ல, 1975-ல இங்கிலாந்து ஹல் யுனிவர்சிட்டியில கீத் ஹெர்ன்னு ஒரு ஆராய்ச்சியாளர், ஒறங்கிட்டிருந்த ஒருத்தர் கனவுக்குள்ள இருந்துகிட்டே முன்கூட்டி பேசி வச்சபடி கண்ண இடம் வலமா அசைச்சத மெஷின்ல பதிவு பண்ணினாரு, பொறவு ஸ்டான்ஃபோர்டுல ஸ்டீபன் லபெர்ஜும் பண்ணினாரு. பூட்டின உடம்புலேர்ந்து கண்ணால ஒரு செய்தி வந்தது பாருங்க, அத நெனைச்சா எனக்கு இப்பவும் புல்லரிக்கும்.

எல்லாருக்கும் இது வேண்டாம். இல்லாதது கேக்குது, தெரியுதுன்னு மனநல டாக்டர்கிட்ட மருந்து எடுக்கவங்க, கனவும் நெஜமும் கொழம்புறவங்க விட்டுருங்க. பகல்ல அடக்க முடியாம ஒறக்கம் வருது, சிரிச்சா முட்டு மடங்குதுன்னா நரம்பு டாக்டரப் பாருங்க. வாரத்துக்கு ஒருநாள், ரெண்டுநாள் போதும், மறுநாள் வெட்டு உள்ள ராத்திரி நான் தொடவே மாட்டேன், அரைத் தூக்கத்துல அந்தக் கத்தியப் பிடிக்கக் கூடாது.

போன ஐப்பசி மழையில ஒருநாள் மறுபடி அந்த ஆள் கட்டில் பக்கத்துல வந்து நின்னான், நான் மூச்ச விட்டு எண்ணிட்டே கெடந்தேன், அவன் கலைஞ்சு எங்க தோட்டம் ஆச்சு, இருட்டே இல்லாம, எல்லா சிரட்டையிலயும் பால் நெறைஞ்சு கெடந்தது.