ஆண்கள் வழிகாட்டுதல் குழு: தளர்ந்ததும் சரியானதும்

சபையில் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்தால் ஒருவர் பிரசங்கிப்பார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். எங்கள் குழு தளர்ந்ததற்கு அதுதான் காரணம். நான்கு பேராகக் குறைத்ததும் பேச்சு வந்தது.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738-இல் சிறு குழுக்களுக்கு எழுதிய விதிகளைப் பின்பற்றினோம்: வாரம் ஒருமுறை, குறித்த நேரத்தில், ஜெபத்தோடு தொடங்கி, ஒவ்வொருவரும் தம் உண்மை நிலையைச் சொல்வது. மூத்தவர் தன் தோல்வியை முதலில் சொல்லியே ஆகவேண்டும். இல்லையென்றால் இளையவர்கள் பூசி மெழுகுவார்கள்.

"உன் வாழ்க்கையின் நோக்கம் என்ன?" என்று கேட்காதீர்கள், திணறிப்போவார்கள். "இந்த ஏழு நாளில் யாருக்கு, என்றைக்கு, என்ன செய்வாய்?" என்று கேட்டு நோட்டில் எழுத வையுங்கள். அடுத்த வாரம் அதுவே முதல் கேள்வி. எழுதாத வாக்கு பெரும்பாலும் மறந்துபோகும்.

சோர்ந்தவரிடம் முதலில் தூக்கம், சாப்பாடு பற்றிக் கேளுங்கள். சாக விரும்பிய தீர்க்கதரிசி எலியாவுக்கும் தூக்கமும் அப்பமும்தான் முதலில் கிடைத்தன. தேவன் கொடுத்த வேலையும் துணையாக எலிசாவும் பிறகுதான் (1 இராஜாக்கள் 19). இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் விருப்பமும் இல்லையென்றால் ஜெபத்தோடு மருத்துவரிடமும் கூட்டிப் போங்கள். சாகும் பேச்சு வந்தால் அன்றைக்கே.