இசைக் கச்சேரிக்குப் பைக்கில் போகாதீர்கள்: திருகோணமலையிலிருந்து மலேசியாவுக்குத் தனியே கிளம்புபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் பைக் வைத்திருப்பவர்களுக்குத் தூரம் ஒரு கணக்கே இல்லை. நிலாவெளி, குச்சவெளி தாண்டிப் புல்மோட்டை வரை ஒரே மூச்சில் போய்த் திரும்புகிறோம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு மூதூர்ப் பக்கமும் அப்படித்தான். இந்தத் தைரியத்தோடு, வெளிநாட்டில் பங்க் ராக் என்கிற, வேகமும் இரைச்சலும் மிகுந்த ராக் இசை நிகழ்ச்சி ஒன்றுக்கு டிக்கெட் எடுத்து, அங்கேயே பைக் வாடகைக்கு எடுத்துத் தனியாகச் சுற்றிவரக் கிளம்புகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் மலேசியாதான். நம்மைப் போலவே இடது பக்கம் ஓட்டுகிற நாடு, வழி கேட்கத் தமிழும் கிடைக்கும்.

இதில் முதல் தவறு திட்டத்தின் வரிசையிலேயே இருக்கிறது. இறங்கியதும் பைக்கை எடுத்து, நாலு நாள் ஊர் சுற்றி, கடைசி நாள் இரவு கச்சேரிக்கு நேரே போய் இறங்குவது என்று போடுகிறார்கள். கேட்க அழகாக இருக்கும். ஆனால் சங்கிலி அறுந்தாலும் மழை பிடித்தாலும் கச்சேரி உங்களுக்காகக் காத்திருக்காது. அதை நினைத்துக்கொண்டே ஓட்டுகிறவன் மழையிலும் நிற்கமாட்டான், தூக்கம் வந்தாலும் நிற்கமாட்டான். என் கருத்து இதற்கு நேர் எதிர்: கச்சேரி முதலில், பைக் அடுத்த நாள். நிகழ்ச்சிக்கு ரயிலிலோ வாடகைக் காரிலோ போங்கள். நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு பைக்கை எடுத்தால், எங்கும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய கட்டாயம் இல்லை.

சொந்த பைக்கையே கொண்டுபோனால் என்ன என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். தீவிலிருந்து அது லேசில்லை. காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினம் போகும் கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கியது, ஆனால் அது பயணிகளுக்கானது. பைக்கை ஏற்ற முடியாது. சரக்குக் கப்பலில் அனுப்பினாலும், இந்தியா போன்ற நாடுகளுக்குக் கார்னே என்கிற சுங்க ஆவணம் வேண்டும். வண்டியைத் திருப்பிக் கொண்டுபோவேன் என்பதற்கான பிணை அது. இந்தச் செலவையெல்லாம் கூட்டிப் பார்த்தால் பழைய பல்சரின் விலையே குறைவு என்று தோன்றும். வாடகை பைக்தான் புத்தி.

அடுத்தது லைசென்ஸ். நம்முடைய சாரதி அனுமதிப்பத்திரத்தை மட்டும் பையில் போட்டுக்கொண்டு போகக் கூடாது. கொள்ளுப்பிட்டியில் இருக்கும் இலங்கை ஆட்டோமொபைல் சங்கத்தில் சர்வதேச அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். அது ஒரு வருடம் செல்லும். வாங்கிய கையோடு மோட்டார் சைக்கிள் பிரிவுக்கான இடத்தில் முத்திரை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் லைசென்ஸில் ஏ1 மட்டும் இருந்தால் அது 100 சிசி வரைதான். அதை வைத்துக்கொண்டு பெரிய பைக் கேட்கக் கூடாது. நம் நாடு 1949 ஜெனீவா வீதிப் போக்குவரத்து உடன்படிக்கையில் இருப்பதால், மலேசியாவிலும் தாய்லாந்திலும் இந்தப் பத்திரத்துக்கு மதிப்புண்டு. வியட்நாம் பின்னால் வந்த 1968 வியன்னா உடன்படிக்கையில் மட்டும் இருக்கிறது, அங்கே நம் பத்திரம் செல்லாது. வாடகைக் கடைக்காரர் பைக்கைத் தந்துவிடுவார், அது வேறு கதை. விபத்து நடந்தால்தான் கேள்வி வரும். பயணக் காப்புறுதிகள் பலவற்றில், செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் ஒரு சதமும் வராது. சிலவற்றில் 125 சிசிக்கு மேலே போனாலே காப்பு இல்லை. சிறிய எழுத்தில் இருப்பதை இங்கேயே உட்கார்ந்து படித்துவிடுங்கள்.

குடிவரவில் நடப்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இலங்கைப் பாஸ்போர்ட்டோடு, தனியாக, ஒரு சின்னப் பையும் ஹெல்மட்டுமாகப் போய் நிற்கிற தமிழ் இளைஞனிடம் கட்டுநாயக்கவிலும் கேள்வி கேட்பார்கள், கோலாலம்பூரிலும் கேட்பார்கள். வேலைக்கு மறைந்துவிடுவானோ என்பதுதான் அவர்கள் சந்தேகம். ‘சும்மா சுற்றிப் பார்க்க’ என்ற பதில் அந்தச் சந்தேகத்தைக் கூட்டும். ‘இந்தத் தேதியில் இந்த அரங்கில் ஒரு இசை நிகழ்ச்சி, இதோ டிக்கெட்’ என்று சொன்னால் பேச்சு சீக்கிரம் முடியும். கச்சேரி டிக்கெட், திரும்பி வரும் விமான டிக்கெட், தங்குமிடம், பைக் முன்பதிவு, வேலை செய்யுமிடத்துக் கடிதம் எல்லாவற்றையும் காகிதத்தில் அச்சடித்து வையுங்கள்; போனில் சார்ஜ் போய்விட்டது என்ற கதையை அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். மலேசியாவுக்கு 2024 ஜனவரியிலிருந்து டிஜிட்டல் வருகை அட்டையும் உண்டு, போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. போன வருடம் போய்வந்த மச்சான் சொன்னதை நம்பாமல் அதிகாரபூர்வத் தளத்தைப் பாருங்கள். இன்னொன்று, பங்க் ரசிகர்கள் விரும்பி அணியும் ஆணி வைத்த பெல்ட்டும் கைப்பட்டையும் விமான நிலையத்துக்கு வேண்டாம். பரிசோதனையில் கழற்றி மாட்டியே நேரம் போய்விடும், கச்சேரி வாசலிலும் பல இடங்களில் அவற்றை வாங்கி வைத்துவிடுவார்கள்.

விமானத்தைப் பிடிக்க இங்கிருந்து கட்டுநாயக்க வரை இரவில் பைக்கில் போவதும் ஒரு தவறுதான். கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் இருட்டியபின் யானை வீதிக்கு வரும் என்பது இந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருந்தும் போகிறார்கள். இரவு பஸ் இருக்கிறது.

நிகழ்ச்சி நடக்கும் என்று நூறு வீதம் நம்பி எல்லாப் பணத்தையும் கட்டிவிடாதீர்கள். 2023 ஜூலையில் செப்பாங்கில் நடந்த மூன்று நாள் இசை விழாவில், முதல் நாள் இரவு தி 1975 என்ற பிரித்தானிய ராக் குழு மேடையில் நடந்துகொண்ட விதத்தால் மீதி இரண்டு நாட்களையும் அரசு ரத்துச் செய்தது. அந்த இரண்டு நாளுக்காகவே பறந்து வந்தவர்களும் இருந்திருப்பார்கள். தங்குமிடமும் பைக்கும் பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் இருக்கட்டும். டிக்கெட்டை முகநூலில் யாரோ ஒருவரிடம் வாங்காதீர்கள்.

சரி, எந்த நிகழ்ச்சி? 2025 பெப்ரவரியில் அமெரிக்க பங்க் ராக் குழுவான கிரீன் டே ஆசியாவுக்கு வந்தபோது பாங்கொக், ஜகார்த்தா, கோலாலம்பூர் என்று சுற்றினார்கள். அது பங்க்கே இல்லை என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு, அவர்களோடு வாதாடி வெல்ல முடியாது. பெரிய அரங்கில் பை அளவுக்குக் கட்டுப்பாடு இருக்கும். ஹெல்மட்டோடு உள்ளே விடமாட்டார்கள், வைக்க இடமும் தரமாட்டார்கள். பைக்கில் போக வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். உள்ளூர்க் குழுக்கள் வாசிக்கும் சிறிய இடங்கள் வேறு உலகம். ஒரு கடையின் மேல்மாடி, வாசலில் ஒருவர் காசை வாங்கிக் கையில் முத்திரை குத்துவார், ஐந்தாறு குழுக்கள் அடுத்தடுத்து வரும். எனக்கு இதுதான் பிடித்தது. ஆனால் இந்த இடங்களில் பொலிஸ் நுழைவதும் நடந்திருக்கிறது. 2015 ஓகஸ்டில் கோலாலம்பூரை ஒட்டிய அம்பாங் பகுதியில் ருமா அப்பி என்ற பங்க் இடத்துக்குள் புகுந்து, நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வெளிநாட்டவர்களும் அதில் அகப்பட்டார்கள். பாஸ்போர்ட்டை ஈரம் படாத பிளாஸ்டிக் உறையில் போட்டு உடம்போடு வையுங்கள். பைக் கடைக்காரர் பாஸ்போர்ட்டையே பிணையாகக் கேட்டால் அந்தக் கடை வேண்டாம். பணமாகக் கட்டிப் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

மேடைக்கு முன்னால் முட்டிமோதி ஆடும் கூட்டத்தைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. தேர் வடம் பிடிக்கிற கூட்டத்தில் நின்ற உடம்புக்கு அது புதிதல்ல. விழுந்தவனை எல்லாரும் சேர்ந்து தூக்கிவிடுவது அங்கேயும் வழக்கம். ஆனால் முழங்கையில் கெட்டித் தட்டு வைத்த பைக் ஜாக்கெட்டோடு அதற்குள் இறங்கினால் பக்கத்தில் நிற்பவன் மூக்குப் போய்விடும். அதை அறையிலேயே விட்டுவிடுங்கள். காதுக்கு அடைப்பான் கட்டாயம். 100 டெசிபல் சத்தத்தை வெறும் காதால் கேட்கப் பாதுகாப்பான நேரம் ஏறத்தாழ 15 நிமிடம்தான், பங்க் நிகழ்ச்சி அதைத் தாராளமாகத் தாண்டும். காது கூவிக்கொண்டே இருந்தால் மறுநாள் வீதியில் பின்னால் வரும் லொறி உங்களுக்குக் கேட்காது.

குடித்தவர்களுக்கு ஒரு வார்த்தை: 2020இல் மலேசியா சட்டத்தைத் திருத்தி, 100 மில்லிலீட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்றிருந்த எல்லையை 50 ஆகக் குறைத்தது. அகப்பட்டால் சிறைவரை போகும்.

இனி வீதி. நம் ஊர் ஓட்டுநர்களின் பெரிய பலவீனம் இங்கேதான் வெளிப்படும். இலங்கையில் அதிவேக நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிளை விடுவதில்லை, அதனால் எத்தனை வருடம் ஓட்டியவராக இருந்தாலும் அப்படியொரு சாலை நமக்குப் பழக்கமில்லை. மலேசியாவில் பைக்குக்கு அனுமதி உண்டு, வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் சுங்கக் கட்டணமும் கிடையாது. உடனே ஏறிவிடத் தோன்றும். 110 கிலோமீட்டர் வேக எல்லை உள்ள சாலையில், ஒரு சின்ன பைக்கில் போகும்போது, பக்கத்தில் பெரிய லொறி ஒன்று முந்தினால் காற்று முதலில் தள்ளும், பிறகு இழுக்கும். கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் இன்னும் ஆடும். முழங்கையைத் தளர்த்தி, முன்னால் இருக்கும் பெற்றோல் தொட்டியை முழங்காலால் அணைத்து, இடது ஓரத்திலேயே போக வேண்டும். ஆனால் அங்கே கப்சாய் என்று சொல்லும் சின்ன பைக்குகளுக்குத் தொட்டி இருக்கைக்குக் கீழே, அணைக்க ஒன்றுமில்லை. அதில் நெடுஞ்சாலையே வேண்டாம். மேற்கில் கிள்ளான் போகும் பெடரல் நெடுஞ்சாலையில் பைக்குகளுக்கென்றே தனித் தடம் உண்டு, அங்கே அதைவிட்டு வெளியே வராதீர்கள்.

பழைய முதலாம் இலக்கச் சாலைதான் என் தெரிவு. கோலாலம்பூரிலிருந்து ரவாங், தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர், பீடோர், தாப்பா, கம்பார் வழியாக ஈப்போவுக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். வழியெல்லாம் சிறிய ஊர்கள். வாழையிலையில் சோறு போடும் கடையும் பெற்றோல் செட்டும் அடிக்கடி வரும், டயர் பஞ்சரானால் தள்ளிக்கொண்டு போகிற தூரத்தில் ஒரு கராஜ் இருக்கும். தாப்பாவில் வலப்புறம் திரும்பினால் கேமரன் மலைக்கு ஏறலாம். வளைவுகள் ஏராளம், மழை பெய்தால் வழுக்கும்.

மழையைப் பற்றியும் நம் கணக்குத் தவறும். இங்கே கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வானத்தைப் பார்க்க வேண்டியதே இல்லை. அந்தப் பழக்கத்தில் மழைக்கோட்டை வீட்டில் விட்டுப் போகிறார்கள். மலேசியாவின் மேற்குப் பக்கம் ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழை கொட்டும், மற்ற மாதங்களிலும் நம்ப முடியாது. காலையில் ஓட்டி இரண்டு மணிக்குள் நிறுத்திவிடுவது நல்லது. நெடுஞ்சாலைப் பாலத்தின் கீழே ஓரமாக ஒதுங்கி நிற்பதை அங்கே நிறையப் பேர் செய்கிறார்கள், அது ஆபத்து. பைக்காரர்களுக்கென்று கட்டிய ஒதுங்கிடங்களிலோ ஓய்விடத்திலோ நில்லுங்கள்.

பைக்கை எடுக்கும்போது ஒவ்வொரு கீறலையும் கடைக்காரரின் முன்னிலையிலேயே வீடியோ எடுங்கள். பிரேக், சங்கிலி, டயர், விளக்கு பார்த்து, தெருவில் ஒரு சுற்று ஓட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். எல்லை தாண்டித் தாய்லாந்துக்குப் போக நினைத்தால் உரிமையாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். கேட்காமல் போனால் திருட்டு வண்டி என்ற சந்தேகம்கூட வரலாம். பைக்கைத் திருப்பிக் கொடுப்பதை விமானத்துக்கு முந்தைய நாளே முடித்துவிடுங்கள். பிணைப் பணத்தில் தகராறு வந்தால் பேசி வாங்க அந்த ஒரு பகல் தேவைப்படும்.