எல்லை தாண்டும் பைக் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வாரம் பாளையங்கோட்டையிலிருந்து இரண்டு இளைஞர்கள், ஈரான், ஆர்மேனியா, ஜார்ஜியா வரை பைக்கில் போகும் திட்டத்தோடு என்னைப் பார்க்க வந்தார்கள். எந்த டயர், எந்தப் பெட்டி, எந்தக் கேமரா என்று ஒரு மணி நேரம் கேட்டவர்கள், வண்டியை வேறு நாட்டுக்குள் வரி கட்டாமல் கொண்டுபோய்த் திரும்ப உதவும் சுங்கப் புத்தகமான கார்னே பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் கிளம்பினேன். ஆயில், ஹெல்மெட் போன்றவற்றை அவர்களே அறிவார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன்.

வெளியேறும் முத்திரை

கார்னேயை வண்டியின் பாஸ்போர்ட் என்பார்கள். உண்மையில் அது ஒரு பிணைப் பத்திரம். வரி கட்டாமல் உள்ளே கொண்டுவந்த வண்டியை அங்கேயே விற்றுவிடாமல் வெளியே கொண்டுபோவேன் என்பதற்கு, புத்தகத்தைக் கொடுத்த மோட்டார் வாகனச் சங்கம் நம்மிடம் பணம் வாங்கி வைத்துக்கொண்டு உறுதி தருகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று துண்டுகள் உண்டு. உள்ளே நுழையும்போது ஒன்றையும் வெளியேறும்போது இன்னொன்றையும் சுங்கத்தில் கிழித்துக்கொள்வார்கள்; புத்தகத்தில் தங்கும் அடிக்கட்டையில் இரண்டு முத்திரைகளும் இருந்தாக வேண்டும்.

ஈரானிலிருந்து ஆர்மேனியாவுக்குள் நான் நுழைந்தது இருட்டிய பிறகு, நல்ல குளிரில். பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்து, அரஸ் ஆற்றுப் பாலத்தைக் கடந்துவிட்டேன். குடியேற்றம் வேறு, சுங்கம் வேறு என்பது தெரிந்திருந்தும் செய்த பிழை அது. அதனால்தான் இன்றும் எரிச்சல் தீரவில்லை. ஆர்மேனியாவில் கார்னே கேட்பதில்லை என்பதால் புத்தகத்தை யாரும் திறக்கவில்லை. நான்காம் நாள் யெரவான் விடுதியில் நானே திறந்து பார்த்தபோது, அடிக்கட்டையில் ஒரே ஒரு முத்திரைதான் இருந்தது. ஒருமுறை நுழைவதற்கான விசா தீர்ந்துவிட்டதால் திரும்பிப் போகவும் வழியில்லை.

காகிதக் கணக்கில் என் வண்டி ஈரானிலேயே நின்றுகொண்டிருந்தது. கப்பலில் தூத்துக்குடி வந்து சேர்ந்த வண்டியின் சேசிஸ் எண்ணைச் சுங்கத்தில் சரிபார்த்து, அது இங்கேதான் இருக்கிறது என்று சான்று வாங்கி அனுப்பி, பிணைப் பணம் கைக்கு வருவதற்குப் பதினொரு மாதம் ஆயிற்று. தங்கையின் கல்யாணத்துக்கு அந்தப் பணத்தை நம்பியிருந்த வீட்டில் நான் கேட்ட பேச்சை இங்கே எழுத முடியாது. ஆகவே, இரண்டாவது முத்திரையைக் கண்ணால் பார்க்காமல் சாவியைத் திருப்பாதீர்கள்.

இருட்டில் எல்லை

கடக்காதீர்கள்.

வலப்புறச் சாலை

அந்த நாடுகளில் சாலையின் வலப்புறம் ஓட்ட வேண்டும். பழக்கத்தில் இடப்புறம் போய்விடும் தவறு நெரிசலில் நேராது, ஏனென்றால் முன்னால் போகிற வண்டியே வழிகாட்டிவிடும். காலையில் பெட்ரோல் பங்கிலிருந்து ஆளில்லாத சாலையில் ஏறும்போதுதான், நம்மை அறியாமல் இடப்புறம் போய்விடுவோம்.

பணம்

நம் வங்கி அட்டைகள் ஈரானில் வேலை செய்யாது. ரொக்கம் வேண்டும்.

பக்கக் காற்று

பக்கக் காற்று பெட்டிகளில் அடித்து வண்டியைத் தள்ளும் என்பதால், பெட்டிகளைக் கட்டாமல் ஓட்டிப் பழகிவிட்டு, கட்டிக்கொண்டு கிளம்புவது பெருந்தவறு. வட ஈரானில் மஞ்சில் என்ற ஊர், நம் முப்பந்தலைப் போலவே காற்றாலைகள் நிற்கும் கணவாய். ஆடி மாதத்தில் முழுச் சுமையோடு பணகுடியிலிருந்து ஆரல்வாய்மொழி வரை நான்கு முறை போய்வந்தவருக்கு அங்கே புதிதாகக் கற்க அதிகம் இராது.

உபசார வார்த்தை

ஈரானியக் கடைக்காரர் பணம் வேண்டாம் என்று சொன்னால், அது சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று நம் ஊரில் வாசலில் நின்று சொல்வதைப் போன்ற மரியாதை. நான் முதல் கடையில் நன்றி சொல்லிவிட்டு ரொட்டியோடு நடந்துவிட்டேன். மறுபடியும் மறுபடியும் நீட்டுங்கள், வாங்கிக்கொள்வார்.