மென்திறனா, தொழில்திறனா: பலரும் சறுக்கும் இடங்கள்

பிளேஸ்மென்ட் நெருங்கினால் பயிற்சி வகுப்புகளில் ஒரு வரி தவறாமல் வந்துவிடும்: "வேலையில் ஜெயிக்க 85 சதவீதம் மென்திறன், 15 சதவீதம்தான் தொழில்நுட்ப அறிவு." பேசுவது, கேட்பது, மனிதர்களோடு பழகுவது போன்ற 'சாஃப்ட் ஸ்கில்'களைத்தான் மென்திறன் என்கிறார்கள். ஹார்வர்டு ஆய்வு என்றும் சேர்த்துச் சொல்வார்கள். இதை நம்பி இறுதியாண்டில் பாடத்தை ஓரங்கட்டிய பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு கனத்துப்போகிறது. முதலில் விட வேண்டியது இந்த எண்ணைத்தான்.

இதன் வேரைத் தேடிப் போனால் 1918-இல் சார்லஸ் ரிபோர்க் மான் என்பவர் எழுதி, அமெரிக்காவின் கார்னகி அறக்கட்டளை வெளியிட்ட பொறியியல் கல்வி அறிக்கையில் போய் நிற்கும். நல்ல பொறியாளருக்கு எது முக்கியம் என்று பொறியாளர்களிடமே கேட்டார்கள். நற்குணம், முடிவெடுக்கும் தெளிவு போன்றவை முன்னால் வந்தன. அறிவும் நுட்பமும் பின்னால் வந்தன. அது வெறும் கருத்துக்கேட்பு. யாருடைய சம்பளத்தையோ பதவி உயர்வையோ அளந்து போட்ட கணக்கு அல்ல. பதில் சொன்னவர்கள் ஏற்கெனவே தொழில் கற்றவர்கள் என்பதையும் பாருங்கள். எல்லோருக்கும் வேலை தெரிந்த இடத்தில்தான் குணம் ஆளைப் பிரித்துக் காட்டும்.

அடுத்தது, பெயரைப் பார்த்து ஏமாறுவது. 'சாஃப்ட்' என்றால் சுலபம் என்று நினைத்துக்கொள்கிறோம். 1972-இல் அமெரிக்க ராணுவப் பயிற்சியாளர்கள் இந்தச் சொல்லை, இயந்திரங்களோடு அதிகம் தொடர்பில்லாத வேலைத்திறன்களைக் குறிக்கத்தான் பயன்படுத்தினார்கள். அவை எளிதானவை என்று யாரும் சொல்லவில்லை.

எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு விபத்தைச் சொல்கிறேன். 1978 டிசம்பர் 28. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகருக்கு வந்த யுனைடெட் 173 விமானத்தின் சக்கரங்கள் சரியாக இறங்கினவா என்று சந்தேகம் வந்தது. நீண்ட அனுபவமுள்ள கேப்டன் அந்தக் கோளாறிலேயே மூழ்கியிருக்க, விமானம் சுமார் ஒரு மணி நேரம் வட்டமடித்தது. எரிபொருள் குறைந்துகொண்டே போனது. அதே அறையில் உட்கார்ந்து இன்ஜின், எரிபொருள் மீட்டர்களைக் கவனிக்கும் ஃப்ளைட் இன்ஜினியருக்கு அது தெரியும், பேச்சிலும் வந்தது. ஆனால் "இனி தாங்காது, உடனே இறக்குங்கள்" என்ற அழுத்தம் அதில் இல்லை. கேப்டனும் காது கொடுக்கவில்லை. இன்ஜின்கள் ஒவ்வொன்றாக நின்றன. விமானத்தில் இருந்த 189 பேரில் 10 பேர் இறந்தார்கள். விமானிகள் அறையில் பேசுவது, கேட்பது, மூத்தவரை மறுத்துச் சொல்வது ஆகியவற்றுக்கு 1981-இல் யுனைடெட் விமான நிறுவனம் தனிப் பயிற்சியே தொடங்கியது. பின்னர் அது உலகம் முழுக்கப் பரவியது.

நம் ஊரில் நடக்கும் பெரிய தவறு இங்கேதான் தெரிகிறது. மென்திறன் என்றதும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு ஓடுகிறோம். அந்த விமானி அறையில் ஆங்கிலம் தெரியாதவர் யாரும் இல்லை. ஆங்கிலம் தேவைதான், அதைக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அது ஒரு மொழி, அவ்வளவுதான். மேலதிகாரியிடம் கெட்ட செய்தியை நேரத்தோடு சொல்லும் துணிவு அதோடு சேர்ந்து வராது.

இன்னொன்றும் உண்டு. மீட்டரைப் படிக்கத் தெரியாதவரால் எரிபொருள் பற்றி எச்சரிக்கவே முடியாது. சொல்லும் திறனுக்குச் சரக்கே தொழிலறிவுதான். அதனால் இரண்டையும் தனித்தனி வகுப்பாகப் பிரித்துப் படிப்பதும், குரூப் டிஸ்கஷனுக்கு வரிகளை மனப்பாடம் செய்வதும் வீண் வேலை. உங்கள் புராஜெக்டை ஜூனியர் ஒருவருக்கு விளக்கிப் பாருங்கள். அவருக்குப் புரியவில்லை என்றால் உங்களுக்கே எங்கே தெளிவில்லை என்பது தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமைக்குள் முடியாது என்று தெரிந்த வேலையைச் செவ்வாய்க்கிழமையே "முடியாது சார், இந்த இடத்தில் சிக்கல்" என்று சொல்லிப் பழகுங்கள்.

பொருளாதார அறிஞர் டேவிட் டெமிங் 2017-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டுகிறது. 1980 முதல் 2012 வரை அமெரிக்காவில் கணிதத் திறன், மனிதர்களோடு பழகும் திறன் இரண்டும் வேண்டிய வேலைகள் நன்றாக வளர்ந்தன. கணிதம் அதிகம் வேண்டும், ஆனால் பழகத் தேவையில்லை என்ற வகை வேலைகளின் பங்கு குறைந்தது.

சரி, இரண்டும் வந்துவிட்டால் சம்பளம் தானாக உயருமா? அப்படி நம்பிக் காத்திருப்பதும் தவறுதான். பெங்களூரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் பெண் தொழிலாளர்களுக்கு மென்திறன் பயிற்சி கொடுத்து ஆராய்ந்தார்கள். உற்பத்தி கூடியது, நிறுவனத்துக்குச் செலவைவிடப் பல மடங்கு பலன் கிடைத்தது. அந்தப் பெண்களின் கூலியோ ஏறக்குறைய அப்படியே இருந்தது. எனக்கு இது பெரிய அநியாயமாகத்தான் படுகிறது. நல்ல புரோகிராம் எழுதினால் அது பதிவில் நிற்கும். சண்டையைத் தீர்த்ததும், புதியவருக்கு வேலை கற்றுக்கொடுத்ததும் எங்கேயும் பதிவாகாது. ஆகவே நீங்களே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: யாருக்கு எதைக் கற்றுக்கொடுத்தீர்கள், எந்தச் சிக்கலை எந்தத் தேதியில் முன்கூட்டியே சொன்னீர்கள், அதனால் எத்தனை நாள் மிச்சமானது என்று. அப்ரைசலுக்குப் போகும்போது அந்த நோட்டையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.