அனல் மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை: மின்சாரத்தை முழுதாகத் துண்டிப்பது எப்படி?

ஆண்டுப் பராமரிப்புக்காக யூனிட்டை நிறுத்திய பிறகுதான் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பெருமளவில் உள்ளே வருகிறார்கள். டர்பைன் நின்றிருக்கும், கொதிகலன் ஆறியிருக்கும். ஆனால் நின்றது உற்பத்தி மட்டும்தான். கிரிட்டிலிருந்து ஸ்டேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக மின்சாரம் உள்ளே வந்துகொண்டேதான் இருக்கும். வட சென்னை முதல் நிலை, மேட்டூர், தூத்துக்குடி போன்ற இடங்களில் உள்ள 210 மெகாவாட் யூனிட்டுகளில் பெரிய மோட்டார்களுக்கு 6.6 கே.வி. (6,600 வோல்ட்), சிறிய மோட்டார்களுக்கு 415 வோல்ட், பிரேக்கர் (பெரிய மின் சுவிட்ச்) கன்ட்ரோலுக்கு 220 வோல்ட் டி.சி. என்று பல மட்டங்களில் சப்ளை உண்டு. இவற்றோடு பேட்டரி, யு.பி.எஸ்., எமர்ஜென்சி டீசல் ஜெனரேட்டர் எல்லாம் தனித்தனி மூலங்கள்.

ஒரு இயந்திரத்துக்கு ஒரு சப்ளைதான் என்று எண்ணிக் கை வைப்பதால்தான் மின் நிலையங்களில் உயிர் போகிறது. நிலையத்து ஊழியருக்கு எங்கே என்ன சப்ளை என்று தெரியும், ஆனால் ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளரான உங்கள் ஆட்கள் எந்த மூடியைத் திறக்கப் போகிறார்கள் என்று தெரியாது. உங்களுக்கு வேலை தெரியும், பேனல் (சுவிட்சுகள் உள்ள மின் பெட்டி) தெரியாது. இந்த இடைவெளியை பெர்மிட் தாள் (வேலைக்கு நிலையம் தரும் அனுமதிச் சீட்டு) தானாக நிரப்பிவிடாது. வேலை நடக்கும் இடத்தில் நின்று, ஒவ்வொரு மூலத்தையும் பெயர் சொல்லிக் கேட்டு, கண்ணால் பார்த்து, கருவியால் சோதித்து நிரப்ப வேண்டியது ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர்தான்.

ஆளும் கருவியும்

மின் வேலைக்கு வரும் மேற்பார்வையாளருக்கும் வயர்மேனுக்கும் மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்றிதழ் நடப்பில் இருக்க வேண்டும். அசல் இல்லாவிட்டாலும் நகல் தளத்தில் இருக்கட்டும். ஃபிட்டர், ரிக்கர் (பாரம் கட்டித் தூக்குபவர்), சாரம் கட்டுபவர் ஆகியோருக்குச் சான்றிதழ் தேவையில்லை என்றாலும், அவர்கள்தான் அறியாமல் கேபிள் மேல் ஏறி நிற்பவர்கள். அவர்களையும் காலைக் கூட்டத்தில் நிறுத்தி, எதைத் தொடக்கூடாது என்று அந்த இடத்திலேயே காட்டுங்கள்.

ரப்பர் கையுறையின் வகுப்பைப் பார்த்து வாங்குங்கள். வகுப்பு 0 என்றால் 1,000 வோல்ட் வரை. வகுப்பு 1 என்றால் 7,500 வோல்ட் வரை. 6.6 கே.வி. அமைப்பில் வகுப்பு 1 போதும் என்றாலும், வகுப்பு 2 வாங்குவதே நல்லது. அது 17,000 வோல்ட் வரை தாங்கும். ஒவ்வொரு முறை போடும் முன்பும் மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து சுருட்டிக் காற்றை அடைத்து, கன்னத்தருகே வைத்துக் காற்று கசிகிறதா என்று பாருங்கள். மேலே தோல் உறை இல்லாமல் போட்டால், ஒரு செம்புக் கம்பிப் பிசிறு போதும், ரப்பரில் ஊசித்துளை விழுந்துவிடும். கையுறையில் உள்ள சோதனைத் தேதி ஆறு மாதத்தைத் தாண்டியிருந்தால் அதை ஒதுக்கி வையுங்கள்.

பேனல் முன் நிற்பவர் பாலியஸ்டர் சட்டை போடக்கூடாது. ஆர்க் ஃபிளாஷ் (பேனலுக்குள் நேரும் மின்பொறி வெடிப்பு) வெப்பத்தில் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பிரேக்கரை உள்ளே வெளியே இழுக்கும் வேலைக்குப் பருத்தி உடையும் போதாது. அந்த பேனலுக்குக் கணக்கிட்ட அளவுக்கான ஆர்க் சூட்டும் முகக்கவசமும் வேண்டும். அந்த வேலையைச் செய்ய வேண்டியவர்கள் நிலையத்தின் ஆபரேஷன் ஊழியர்கள். அவசரம் என்று சொல்லி உங்கள் ஆளிடம் ஹேண்டிலைக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

ஓர் ஐ.டி. ஃபேன் மோட்டாரை எடுத்துக்கொள்வோம்

ஐ.டி. ஃபேன் (கொதிகலனின் புகையை இழுத்து வெளியேற்றும் பெரிய விசிறி) 1ஏ மோட்டாரைக் கழற்றி பேரிங் மாற்ற வேண்டும். பெர்மிட்டில் "ஐ.டி. ஃபேன் மோட்டார்" என்று மட்டும் எழுதியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். 1ஏ-வா 1பி-யா என்பதோடு, பேனல் எண், ஃபீடர் (சப்ளை செல்லும் தனி வழி) பெயர், பஸ் (பேனல்களுக்கு சப்ளை தரும் பொதுக் கம்பி) பெயர் எல்லாம் இருக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்து யூனிட்டுகளில் ஒரே மாதிரி மோட்டார் ஒரே மாதிரித் தரையில் உட்கார்ந்திருக்கும். தவறான மோட்டாரின் டெர்மினல் பாக்ஸை (கேபிள் இணைப்புப் பெட்டி) திறப்பது எல்லா நிலையத்திலும் நடக்கக்கூடியது. பெர்மிட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுவிட்ச்கியர் அறைக்குப் போய் பேனல் பெயரைப் படியுங்கள். பிறகு மோட்டாருக்கு வந்து பெயர்ப்பலகையைப் படித்து, இரண்டும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

பிரேக்கர் டிரக்குக்கு (பேனலுக்குள் உள்ளே வெளியே நகரும் பிரேக்கர் பெட்டி) மூன்று நிலை உண்டு: சர்வீஸ், டெஸ்ட், ஐசொலேட். சர்வீஸ் நிலையில் பிரேக்கரை ஆஃப் செய்து வைப்பது துண்டிப்பு ஆகாது, ஏனென்றால் கன்ட்ரோல் ரூமிலிருந்து ஒரு கட்டளை போதும். டெஸ்ட் நிலையில் பவர் பகுதி விலகியிருக்கும், ஆனால் கன்ட்ரோல் பிளக் இணைந்தே இருக்கும். வேலைக்கு வேண்டியது ஐசொலேட் நிலை. கன்ட்ரோல் பிளக்கைக் கழற்றி, டிரக்கை வெளியே இழுத்து, ஷட்டர் மூடியதைப் பார்த்து, கதவைப் பூட்ட வேண்டும். பிரேக்கரை இயக்கும் ஸ்பிரிங் சார்ஜ் ஆகி (இழுபட்டு) இருந்தால் அதையும் விடுவிக்கச் சொல்லுங்கள். ஃபேன் அருகே இருக்கும் லோக்கல் ஸ்டாப் பட்டனும், கன்வேயரின் புல் கார்டும் (இழுத்தால் நிறுத்தும் கயிறு) அவசரத்துக்கு நிறுத்த மட்டுமே. அவற்றை நம்பி எந்த இயந்திரத்திலும் கை வைக்கக்கூடாது.

அடுத்தது பலரும் தவறவிடும் இடம். பெரிய மோட்டாருக்குள் ஸ்பேஸ் ஹீட்டர் இருக்கும். மோட்டார் நின்றிருக்கும்போது சுருளில் ஈரம் சேராமல் இருக்க அது வேலை செய்யும். பிரேக்கர் ஆஃப் ஆனதும் ஹீட்டர் தானாக ஆன் ஆகும்படிதான் இணைப்பு கொடுத்திருப்பார்கள். அதாவது, மோட்டாரை நிறுத்திய செயலே வேறொரு பெட்டிக்கு 230 வோல்ட் கொடுத்துவிடுகிறது. இந்த சப்ளை வேறு போர்டிலிருந்து வருவதால் 6.6 கே.வி. டிரக்கை இழுத்தாலும் போகாது. பிரதான டெர்மினல் பாக்ஸ் செத்திருக்க, பக்கத்தில் உள்ளங்கை அளவு சின்னப் பெட்டியில் உயிர் இருக்கும். ஃபிட்டர் ஸ்பானரைப் போடுவது அங்கேதான். ஹீட்டர் ஃபியூஸைக் கழற்றி, அதை பெர்மிட்டில் தனி வரியாக எழுதி வாங்குங்கள்.

ஃபேன் பக்கம் டேம்பர் (காற்றுவழியைத் திறந்து மூடும் தகடு) ஆக்சுவேட்டர், லூப் ஆயில் (மசகு எண்ணெய்) பம்ப் என்று தனித்தனி 415 வோல்ட் ஃபீடர்கள். அதே கொதிகலனில் இன்னொரு ஃபேன் ஓடினால், மூடாத டேம்பர் வழியே வரும் இழுவையில் நிறுத்திய ஃபேனும் மெல்லச் சுற்றும். ஷாஃப்ட்டை இயந்திர ரீதியாகவும் பூட்டச் சொல்லுங்கள்.

மோட்டாரில் டிஃபரன்ஷியல் பாதுகாப்பு (சுருளின் இரு முனைக் கரன்டையும் ஒப்பிடுவது) இருந்தால், கரன்டை அளக்கும் கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர் கம்பிகளும் டெர்மினல் பாக்ஸில் இருக்கும். கழற்றும் முன் நிலையத்துப் பாதுகாப்புப் பிரிவைக் கேட்டு இணைப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓடும் மோட்டாரில் அந்த டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரி சுற்று திறந்தால் ஆபத்தான உயர் வோல்டேஜ் தோன்றும். பிறகு ட்ரையல் ஓட்டத்தில் ஒரு கம்பி விட்டுப்போனாலும் அதே நிலைமைதான்.

பூட்டுவது: துண்டித்த ஒவ்வொரு இடத்திலும் நிலையத்தின் பூட்டோடு உங்கள் பூட்டும் தொங்க வேண்டும். ஒரே ஃபேனில் மூன்று ஒப்பந்ததாரர்கள் வேலை செய்தால், மூன்று பூட்டும் போடக்கூடிய ஹேஸ்ப் போடுங்கள். சாவி மேற்பார்வையாளரின் பையிலேயே இருக்கட்டும். அட்டை மட்டும் தொங்கவிட்டால், இரவு ஷிஃப்டில் அது கிழிந்து கீழே கிடக்கும்.

சோதிப்பதும் எர்த் செய்வதும்

நியான் டெஸ்டர் ஸ்க்ரூ டிரைவரை 6.6 கே.வி. அருகில் கொண்டுபோவது மரணத்துக்குச் சமம். ஹெச்.டி.-க்கு (6.6 கே.வி. போன்ற உயர் அழுத்தம்) அந்த வோல்டேஜுக்கென்றே செய்த டிடெக்டரும் இன்சுலேட்டிங் ராடும் வேண்டும். எல்.டி.-யிலும் (415 வோல்ட் போன்ற தாழ் அழுத்தம்) நியானை நம்ப வேண்டாம். காலணியும் தரையும் உலர்ந்திருந்தால் அது உயிர் உள்ள கம்பியிலும் மங்கலாகத் தெரியும், வெயிலில் அதுவும் தெரியாது. எல்.டி.-க்கு முறையான மல்டிமீட்டரும் ஹெச்.டி.-க்கு அந்த டிடெக்டரும் வைத்து, மூன்று படியாகச் சோதியுங்கள்:

1. உயிர் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஓரிடத்தில், அல்லது டிடெக்டரோடு வரும் சோதனைக் கருவியில், டிடெக்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள்.
2. வேலை செய்யும் முனையில் மூன்று ஃபேஸையும், ஒவ்வொரு ஃபேஸையும் பூமியோடும், ஃபேஸுக்கு ஃபேஸும் சோதியுங்கள்.
3. மறுபடி முதல் இடத்தில் டிடெக்டரைச் சோதியுங்கள்.

மூன்றாவது படியை விடக்கூடாது. பாட்டரி செத்த டிடெக்டர் எல்லா இடத்தையும் "சப்ளை இல்லை" என்றே காட்டும்.

எர்த் ராட் போடும்போது பூமி முனையை முதலில் இறுக்குங்கள், பிறகு ஃபேஸ். எடுக்கும்போது ஃபேஸ் முதலில், பூமி கடைசியில். வரிசை மாறினால் உங்கள் கைதான் நடுவில் நிற்கும். பேனல் பக்கம் எர்த் சுவிட்ச் போட்டிருந்தாலும், மோட்டாரிலிருந்து கழற்றிய கேபிளின் மூன்று முனைகளையும் சேர்த்துக் கட்டி அங்கேயும் எர்த் செய்யுங்கள். யாரோ ஒருவர் மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) போட எர்த் சுவிட்சைத் திறந்துவிட்டால் இதுதான் காப்பாற்றும்.

மெகர் போடும்போது, கேபிளின் மறுமுனையில் ஆள் நிறுத்தாமல் பட்டனை அழுத்தாதீர்கள். 6.6 கே.வி. மோட்டாருக்கு 5 கே.வி. மெகர் போட்டால், சோதனை முடிந்த பிறகும் சுருள் சார்ஜைப் பிடித்துக்கொண்டிருக்கும். பத்து நிமிடம் வோல்டேஜ் கொடுத்தால் நாற்பது நிமிடமாவது எர்த் செய்து வையுங்கள். ஒரு நொடி எர்த் வைத்து எடுத்துவிட்டால், உள்ளே தங்கிய சார்ஜ் மறுபடி முனைக்கு வந்து அடிக்கும். மாறுவேக டிரைவ்களிலும் கெப்பாசிட்டர் பேங்குகளிலும் இதே குணம் உண்டு. பேனல் மேல் ஒட்டியிருக்கும் காத்திருப்பு நேரம் முடிந்த பிறகே திறந்து, அப்போதும் அளந்து பாருங்கள்.

கொதிகலனுக்குள்ளும் இ.எஸ்.பி.-க்குள்ளும்

வியர்த்த உடம்பின் தடையை ஏறக்குறைய 1,000 ஓம் என்று வைத்தால், 230 வோல்ட்டில் 230 மில்லி ஆம்பியர் பாயும். 10 முதல் 15 மில்லி ஆம்பியரிலேயே பிடித்த கையை விடுவிக்க முடியாமல் போகும். 50 தாண்டினால் இதயத் துடிப்பு குலையத் தொடங்கலாம். நான்கு பக்கமும் இரும்பு சூழ்ந்த டிரம்முக்குள் தப்பிக்க இடமில்லை. அதனால்தான் 2025 வரை நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 36ஏ பிரிவு, தொட்டி, குழாய், புகைவழி போன்ற அடைபட்ட இடங்களில், போதிய பாதுகாப்பு ஏற்பாடு இல்லாவிட்டால், 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட கைவிளக்கை அனுமதிக்கவில்லை. 24 வோல்ட் தரும் டிரான்ஸ்ஃபார்மரை மேன்ஹோலுக்கு வெளியே வையுங்கள். அதை உள்ளே எடுத்துப்போனால் 230 வோல்ட்டும் கூடவே போகிறது. இரு சுருளும் தனித்தனியாக உள்ள டிரான்ஸ்ஃபார்மராக இருக்கட்டும், ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் இங்கே உதவாது.

இ.எஸ்.பி.-யில் (புகையிலிருந்து சாம்பலைப் பிரிக்கும் மின் வடிகட்டி) தகடுகளுக்கும் எமிட்டிங் எலக்ட்ரோடுகளுக்கும் இடையே பல பத்தாயிரம் வோல்ட் டி.சி. இருக்கும். அதைத் தரும் ரெக்டிஃபையர் டிரான்ஸ்ஃபார்மரை நிறுத்தினாலும் சார்ஜ் தங்கும். சாவி இன்டர்லாக் முறைப்படி வரிசையாகத் திறந்து வந்தால்தான் கதவின் சாவி கையில் வரும். அந்த முறையை மீறி மாற்றுச் சாவி கொடுத்தால் வேலையை நிறுத்துங்கள். கதவைத் திறந்ததும் முதலில் எர்த் ராடால் எலக்ட்ரோடு சட்டத்தைத் தொட்டு, ராடை அங்கேயே மாட்டி வைத்த பிறகு உள்ளே நுழையுங்கள். ஒரு ஃபீல்டுக்கு (இ.எஸ்.பி.-யின் ஒரு பகுதி) எர்த் போட்டால் பக்கத்து ஃபீல்டுக்கு அது பொருந்தாது. சாம்பல் ஹாப்பர் ஹீட்டருக்கும் தகடுகளைத் தட்டும் ராப்பர் மோட்டாருக்கும் தனி சப்ளை என்பதையும் மறக்க வேண்டாம்.

தற்காலிக சப்ளையும் வெல்டிங்கும்

ஒப்பந்த வேலையில் தினமும் பார்ப்பது இது: பிளக் இல்லாத கேபிள், உரித்த முனைகள், சாக்கெட் துளையில் சொருகி, குச்சியால் இறுக்கியிருக்கும். எர்த் கம்பி தொங்கும், அல்லது இருக்கவே இருக்காது. கிரைண்டரின் உள்ளே இன்சுலேஷன் கிழிந்தால் உடல் முழுக்க 230 வோல்ட். ஒவ்வொரு போர்டிலும் இன்டஸ்ட்ரியல் பிளக்–சாக்கெட், மூன்று கோர் கேபிள், கையில் பிடிக்கும் கருவிகளுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் தானாக விழும் சுவிட்ச்) கட்டாயம். அதன் டெஸ்ட் பட்டனைத் தினமும் காலையில் அழுத்துங்கள். ஆனால் அந்த பட்டன், ஆர்.சி.சி.பி. உள்ளுக்குள் வேலை செய்கிறதா என்பதைத்தான் காட்டும், உங்கள் கருவியின் எர்த் சரியா என்று காட்டாது. ஃபேஸையும் நியூட்ரலையும் ஒருவர் சேர்த்துப் பிடித்தாலும் ஆர்.சி.சி.பி. விழாது. கேபிளைக் கைப்பிடிக் கம்பியில் சுற்றாமல், மரக் கொக்கியில் தலைக்கு மேலே எடுத்துச் செல்லுங்கள்.

வெல்டிங் ரிட்டர்ன் கேபிளை வெல்ட் செய்யும் பொருளிலேயே, மூட்டுக்கு அருகில் கிளாம்ப் செய்யுங்கள். பக்கத்துத் தூணில் மாட்டினால் கரன்ட் தனக்கு வசதியான வழியைத் தேடும். அது பம்பின் பேரிங்காக இருந்தால் உருளைகளில் குழி விழும். கேபிள் எர்த் கம்பியாக இருந்தால் அது சூடேறி எரிந்துபோகும், அடுத்த மாதம் அந்த மோட்டாருக்கு எர்த்தே இருக்காது, யாருக்கும் தெரியவும் தெரியாது. வெல்டிங் மெஷினில் சுமை இல்லாதபோது 60 முதல் 80 வோல்ட் இருக்கும். கொதிகலனுக்குள் எலக்ட்ரோடு மாற்றும்போது ஈரக் கையுறையோடு அதைத் தொடுவது ஆபத்து.

சுவிட்ச்யார்டில் ஏணியையும் சாரக் குழாயையும் நிமிர்த்திப் பிடிக்காமல், இரண்டு பேர் கிடைமட்டமாக இடுப்பு உயரத்தில் தூக்கிச் செல்ல வேண்டும். செத்த லைனிலும் பக்கத்து லைனின் தூண்டலால் வோல்டேஜ் வரும் என்பதால், வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் போடாமல் தொடாதீர்கள். மண் தோண்டும் வேலையில் கேபிள் வரைபடத்தை முழுதாக நம்பாமல், முதலில் கையால் சோதனைக் குழி எடுங்கள்.

ட்ரையல் ஓட்டமும் பெர்மிட் திருப்பித் தருதலும்

மோட்டார் ட்ரையலுக்கு சப்ளை கேட்கும்போது, அந்த ஃபேனில் இருக்கும் எல்லா பெர்மிட்டும் திரும்ப வர வேண்டும். உள்ளே இருக்கும் ஆட்களைப் பெயர் சொல்லி எண்ணுங்கள். நீங்கள் போட்ட ஒவ்வொரு எர்த் ராடையும் எண்ணி எடுத்து, உங்கள் பட்டியலோடு சரிபாருங்கள். ராடு விட்டுப்போன பேனலில் பிரேக்கர் போட்டால் முழு ஷார்ட்தான். கப்ளிங்கை (மோட்டாரையும் ஃபேனையும் சேர்க்கும் இணைப்பு) கழற்றி வைத்து முதல் ஓட்டத்தில் சுழலும் திசையைப் பாருங்கள், ஏனென்றால் கேபிள் முனைகள் இடம் மாறி இணைக்கப்பட்டிருக்கலாம். ட்ரையல் முடிந்து மறுபடி வேலை தொடர்ந்தால் பழைய பெர்மிட் செல்லாது, முழு வரிசையையும் மறுபடி செய்ய வேண்டும்.

மின்சாரம் தாக்கினால்

சப்ளையைத் துண்டிக்கும் முன் ஆளைத் தொடாதீர்கள். எல்.டி.-யில் துண்டிக்க முடியவில்லை என்றால் உலர்ந்த மரக் கட்டையாலோ இன்சுலேட்டட் ராடாலோ விலக்குங்கள். ஹெச்.டி.-யில் கன்ட்ரோல் ரூம் துண்டித்ததாகச் சொல்லும்வரை அருகில்கூடப் போகக் கூடாது. மூச்சும் நாடியும் இல்லையென்றால் உடனே மார்பை அழுத்தத் தொடங்குங்கள்: நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. ஏ.இ.டி. (நின்ற இதயத் துடிப்பை மீட்க மின்னதிர்ச்சி தரும் கருவி) எங்கே இருக்கிறது என்று வேலையின் முதல் நாளே கேட்டு வையுங்கள். அடிபட்டவர் எழுந்து உட்கார்ந்து "ஒன்றும் இல்லை" என்றாலும் மருத்துவமனைக்கு அனுப்பி ஈ.சி.ஜி. எடுக்கச் செய்யுங்கள். தோலில் சிறு கருகலாகத் தெரியும் காயத்துக்குள்ளே தசை ஆழமாக வெந்திருக்கலாம். இதயத் துடிப்பில் வரும் கோளாறும் சில மணி நேரம் கழித்துத் தெரியவரலாம்.